பின் டயரில் ஆயுள், முன் டயரில் பிடி

மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கக் கடைக்குப் போனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கொம்பனி நல்லம்?" என்பதுதான். உண்மையில் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரவேண்டிய கேள்வி. எந்தச் சில்லுக்கு, என்ன அளவு, எவ்வளவு பாரம், எப்போது செய்தது என்பவை அதற்கு முன்னால் நிற்கின்றன. இந்த நாலும் பிழையானால், எவ்வளவு பேர்போன டயரும் ஆறு மாதத்தில் மொட்டையாகிவிடும்.

நீண்ட நாள் ஓடும் டயரின் இரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. ரப்பர் கடினமாக இருக்கும், பள்ளம் ஆழமாக இருக்கும். கடினமான ரப்பர் மெல்லத் தேயும். ஆனால் அதே கடினம்தான் ஈர ரோட்டில் பிடியைக் குறைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாயும், திரும்புவதும் முன் சில்லாலேதான். பின் சில்லு கொஞ்சம் வழுக்கினால் அநேகமாகச் சமாளிக்கலாம். முன் சில்லு வழுக்கினால் சமாளிக்க நேரம் கிடைக்காது, ஆள் கீழேதான். அதனால் ஆயுளைப் பின் டயரில் தேடுங்கள், முன் டயரில் பிடியைத் தேடுங்கள். முன் டயர் எப்படியும் பின் டயரை விட மெதுவாகத்தான் தேயும், அதில் கடினத்துக்காகக் காசு கொடுத்து மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. "ஒரே சோடியாகப் போடுங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் யோசித்துத்தான் தலையாட்ட வேண்டும்.

எங்கள் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் இந்தப் பிடி விசயம் கார்த்திகை, மார்கழி மாரியோடு முடிவதில்லை. கல்லாற்றிலிருந்து கல்லடி வரை காப்பெட் ரோட்டின் ஓரத்தில் கடல் மணல் படிந்து கிடக்கும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். காய்ந்த நெல்மணி டயருக்கடியில் உருளும் குண்டுபோல வேலை செய்யும், நனைந்த வைக்கோல் அதைவிட மோசம். கடினமான முன் டயரோடு அதற்குள் பிரேக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

ரோட்டைப் பார்த்தும் டயர் மாறும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தினமும் வேலைக்குப் போய்வருபவரின் வண்டி எழுவான்கரையின், அதாவது வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கத்தின், நேர் ரோட்டிலேயே ஓடும். வளைவு குறைவு, டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். அவருக்குப் பின் டயரின் நடுவில் வெட்டுக் குறைந்து, ரப்பர் தொடர்ச்சியாக ஓடும் பூ (ரோட்டில் படும் பகுதியின் வெட்டு வடிவம்) நல்லது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி உள்ரோடுகளில் கிறவலில் ஓடுபவருக்கு அது சரிவராது. அங்கே கட்டை கட்டையாகப் பிரிந்த, ஆழமான பூ வேண்டும். கிறவலில் டயர் தேய்வதைவிட வெட்டுப்படுவதுதான் அதிகம், எனவே பக்கச்சுவரின் உறுதி முக்கியம். அதைத்தான் டயரில் 4 பி.ஆர், 6 பி.ஆர் என்று எழுதியிருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் நைலோன் அடுக்குகளின் எண்ணிக்கையல்ல, எத்தனை அடுக்குக்குச் சமமான வலிமை என்பது. உள்ரோட்டில் பாரம் ஏற்றினால் பின்னுக்கு 6 பி.ஆர் எடுங்கள்.

அளவுக்கு வருவோம். பஜாஜ் சி.டி. 100 என்றால் முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17. பழைய ஸ்ப்ளெண்டர் என்றால் இரண்டும் 2.75-18, பிறகு வந்தவற்றில் 80/100-18. பல்சர் 150 என்றால் பின்னுக்கு 100/90-17. 2.75 என்பது அங்குலத்தில் அகலம், 17 என்பது ரிம்மின் விட்டம். 100/90 என்று வந்தால் அகலம் 100 மில்லிமீற்றர், உயரம் அதில் 90 வீதம். ஒரே மொடலில் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கலாம். வண்டியோடு வந்த புத்தகத்தையோ செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ பாருங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் டயரை மட்டும் நம்ப வேண்டாம், முன்பு வைத்திருந்தவர் பிழையாகப் போட்டிருக்கலாம்.

"கொஞ்சம் அகலமாப் போட்டா கனகாலம் ஓடும்" என்பது இங்கே பலரின் நம்பிக்கை. நடப்பது நேரெதிர். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே நெருக்கப்பட்டு நடு கூனிப்போகும். ரோட்டில் படுவது அந்தக் கூனின் உச்சி மட்டும்தான், அது சீக்கிரம் தேய்ந்துவிடும். செயின் கவரிலோ பிரேக் தடியிலோ உரசலாம், பெற்றோலும் கூடக் குடிக்கும். கொம்பனி சொன்ன அளவே போதும்.

அளவுக்குப் பக்கத்தில் 41 பி, 50 பி (41P, 50P) என்று ஒன்று இருக்கும். பலர் கண்ணில் படாமல் போவது அதுதான். எண் பாரத்தைச் சொல்கிறது: 41 என்றால் 145 கிலோ, 48 என்றால் 180, 50 என்றால் 190, 55 என்றால் 218 கிலோ. எழுத்து வேகத்துக்கு, பி என்றால் மணிக்கு 150 கிலோமீற்றர். இந்த வண்டிகளுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை, பாரம்தான் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 110 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, மொத்தம் 240. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில், 160 கிலோ, பின் சில்லில் விழும். அதற்குப் பின்னால் 50 கிலோ யூரியா பேக் ஒன்றைக் கட்டினால் 210. 50 பி டயர் தாங்கும் 190ஐ அது தாண்டிவிட்டது. ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியோடு ஒலுவிலிலிருந்து அம்பாறைக்கு மீன் கொண்டுபோகும் வண்டிக்கும் இதே கணக்குத்தான். பாரம் தாண்டிய டயர் பூ தேயும் முன்னமே பக்கச்சுவரில் வீங்கி வெடிக்கும். அப்படி ஏற்றுபவர்கள் அதே அளவில் பாரத்தின் எண் கூடிய டயரைக் கேட்க வேண்டும், அதோடு ஆளையோ பேக்கையோ குறைக்கவும் வேண்டும்.

செய்த திகதி பக்கச்சுவரில் நாலு இலக்கமாக இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. ஒரு வருடத்துக்கு உட்பட்டது நல்லது, மூன்று வருடம் தாண்டியதை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடை வாசலில் வெயிலில் தொங்கும் டயரைக் கழற்றித் தர வருவார்கள். உள்ளே அடுக்கியிருப்பதில் ஒன்றைக் கேளுங்கள். இந்த ஊர் வெயில் ரப்பரை இறுக்கி, பூவின் அடியில் மயிரளவு வெடிப்புகளை உண்டாக்கும். டயரைக் கையால் வளைத்துப் பார்த்தால் அந்த வெடிப்பு வாய் திறக்கும்.

பள்ளத்தின் ஆழத்தை அளக்க மானி தேவையில்லை. ஓர் ஈர்க்கை நடுப் பள்ளத்தில் செருகி, நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தில் பாருங்கள். ஒரே அளவு டயர் இரண்டில் ஒன்று 5 மில்லிமீற்றர், மற்றது 6 என்றால், இரண்டாவதின் பள்ளம் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆழம். விலையையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். பேச்சுக்கு, 9,000 ரூபா டயர் 15,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 60 சதம். 12,000 ரூபா டயர் 25,000 ஓடினால் 48 சதம். ஒவ்வொரு டயரையும் மாட்டும் நாளில் மீற்றர் எண்ணை எழுதிவைக்காமல் இந்தக் கணக்கு வராது. எழுதிவைப்பவர் குறைவு, அதனால்தான் கொம்பனிச் சண்டை ஓயாமல் நடக்கிறது.

கொம்பனி? சியெட்டை இங்கேயே களனியில் செய்கிறார்கள், டி.எஸ்.ஐயும் உள்ளூர், எம்.ஆர்.எஃப் இந்தியாவிலிருந்து வருகிறது. மூன்றிலும் 100, 125 சீசீ வண்டிக்கு ஏற்ற டயர் உண்டு. சியெட் மைலேஸ் பெயரிலேயே மைலேஜைச் சொல்கிறது, எம்.ஆர்.எஃப் நைலோகிரிப் பிளஸ் பின் சில்லுக்குப் பலகாலமாகப் பழகிய ஒன்று. பேர் தெரியாத மலிவு டயரையும், பழையதன் மேலே ரப்பர் ஒட்டி வருவதையும் மோட்டார் சைக்கிளுக்குத் தொடவே வேண்டாம்.

டியூப் இல்லாத டயர் வேண்டுமென்று சிலர் நிற்பார்கள். கம்பி போட்ட ரிம்மில் அது காற்றைப் பிடிக்காது, ஒவ்வொரு கம்பித் தலையாலும் கசியும். அலோய் ரிம்மாக இருந்தாலும் டியூப் வண்டிக்கென்று செய்த ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்துவைக்கும் மேடு இல்லாமலிருக்கலாம். காற்று இறங்கும்போது டயர் நழுவிவிடும்.

மாட்டும் வேலையை நின்று பாருங்கள். டயர் மாறினால் டியூபும் புதிதாக வேண்டும். பழைய டியூப் நீண்டு பெருத்திருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். 2.75/3.00-17 என்று ஒரே டியூப் இரண்டு அளவுக்கும் வரும், பிரச்சினையில்லை. வாவியோரமும் கடலோரமும் ஓடும் வண்டிகளில் ரிம்மின் உட்பக்கம் துருப்பிடித்திருக்கும். அதை உப்புத்தாளால் உரசி, கம்பித் தலைகளை மூடும் ரப்பர் பட்டியைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஐம்பது, நூறு ரூபாவைப் பார்த்து அந்தப் பட்டியை விட்டால், மாதம் ஒரு பஞ்சர் நிச்சயம். டயரின் பக்கச்சுவரிலுள்ள அம்புக்குறி சில்லு உருளும் திசையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் இலேசான பக்கம், வால்வுக்கு நேரே வரட்டும். லிவரால் நெம்புவதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், கிறீஸ் பூச விடாதீர்கள், அது ரப்பரைத் தின்னும். காற்றடித்ததும் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிவர ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் வண்டி குதித்துக் குதித்து ஓடும்.

வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்க வேண்டாம். அதை மேலே, மூடியோடு சேர்த்து விடுங்கள். காற்றுக் குறைந்து டயர் ரிம்மில் நகர்ந்தால் வால்வு சாய்ந்து நிற்கும், அது முன்னெச்சரிக்கை. நட்டை இறுக்கியிருந்தால் எச்சரிக்கை இல்லாமல் வால்வின் அடி கிழியும்.

பின் சில்லைத் திரும்ப மாட்டும்போது இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டரின் அடையாளக் கோடு ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும், செயின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர் தொய்வு இருக்க வேண்டும். பின் டிரம் பிரேக்கைப் பிடித்திருக்கும் தடியின் நட்டையும் அந்த நட்டைப் பூட்டும் ஊசியையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அது கழன்றால் பிரேக் பிடித்த இடத்தில் டிரம்மின் தட்டுச் சுழன்று சில்லு இறுகிவிடும். அவசரத்தில் கராஜில் மறப்பது இதைத்தான். புது ரப்பரின் மேல் வழுவழுப்பு இருக்கும், முதல் 100, 150 கிலோமீற்றருக்குச் சாய்த்துத் திருப்பாமல், திடீரென்று பிரேக் பிடிக்காமல் ஓடுங்கள்.

இதற்குப் பிறகு ஆயுளைத் தீர்மானிப்பது காற்று. சி.டி. 100க்கும் பல்சருக்கும் முன்னுக்கு 25 பி.எஸ்.ஐ (psi), பின்னுக்குத் தனியாக ஓடினால் 28, ஆள் ஏறினால் 32. ஸ்ப்ளெண்டரில் பின்னுக்கு ஆளோடு 40 வரை போகும். காலையில், ஓடுவதற்கு முன் அளந்த எண்ணே சரி. வெயிலில் 20 கிலோமீற்றர் ஓடிப் பெற்றோல் செட்டில் அளந்தால் சில புள்ளிகள் கூடத்தான் காட்டும். "கூடிப்போச்சு" என்று திறந்துவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றில் ஓடுவீர்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்தால் போதும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும், உள்ளே சூடேறும், இரண்டு ஓரமும் தேயும். நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூட, அல்லது நேர் ரோட்டு ஓட்டம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பின் சில்லுக் கோணல். முன் டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க்கையும் ஹாண்டிலின் கழுத்துப் பேரிங்கையும் பாருங்கள். பின் டயரில் ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால், குற்றவாளி பின் பிரேக்கை மட்டும் மிதித்து இறுக்கும் கால்.

பஞ்சர் ஒட்டும்போது முள்ளை எடுத்தோம் என்று விடாமல், டயரின் உட்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைக்கச் சொல்லுங்கள். வயல் பக்கத்து உடைமுள் முறிந்து உள்ளே நிற்கும், துணியில் மாட்டும். விரலால் தடவினால் விரலில் மாட்டும்.

பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ என்றோ ஒரு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேரே, பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்றிருக்கும். பூ அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது. ஐப்பசியில் அதற்கு 1 மில்லிமீற்றர்தான் மிச்சமென்றால் மாரிக்கு முன்னமே மாற்றிவிடுங்கள், தண்ணீரை வெளியே தள்ள அந்தப் பள்ளம் போதாது. வண்டி இறக்குமதி 2020இல் நின்று 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இங்கே ஓடுபவற்றில் பழைய வண்டிகள் நிறைய, அவற்றில் பூ நன்றாக இருந்தும் ரப்பர் செத்துப்போன டயர்களும் நிறைய. பூவைப் போலவே திகதியையும் பாருங்கள்.

கழற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவருவது நல்லம். பூச்செடி வைக்க வீட்டுக்குக் கொண்டுபோனால் அடியில் இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை போடுங்கள். மாரியில் அதற்குள் தண்ணீர் நின்று நுளம்பு வந்தால், டெங்கு பார்க்க வரும் பீ.எச்.ஐ முதலில் தூக்கிப் பார்ப்பது அதைத்தான்.