ஈரம் காயாத தட்டு

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வனக் காப்பாளராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்றான கச்சான் இன்னும் தொடங்காத மார்ச் மாத நாட்கள். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, குளம்போலக் கிடந்தது. மரைன் போலீஸ் இருவர், நான், படகோட்டி, வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் ஓர் அண்ணன் என ஐந்து பேர் ஃபைபர் படகில் விடியும் முன்பே கிளம்பிவிட்டோம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2 தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. இந்தக் கடலுக்கு வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. காட்டில் என்றால் கால்தடமாவது கிடைக்கும். கடலில் படகு போன தடம் கண் எதிரிலேயே அழிந்துவிடும்.

முதல் இரண்டு மணி நேரம் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்ப்பட்ட நாட்டுப்படகுகளின் பதிவு எண்ணைப் பார்த்தோம், பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் தீவில் இறங்க வேண்டாம் என்று சொன்னோம். முயல் தீவைத் தாண்டியதும் அண்ணன் கையை நீட்டினார். தூரத்தில் ஒரு வள்ளம். எனக்கு அது மீன்பிடிக்கிற வள்ளமாகத்தான் தெரிந்தது.

"வலை போட்ட வள்ளம் இப்படி நிக்காது சார். நங்கூரம் போட்டுக் கெடக்கு. மேல ரெண்டு பேருதான் தெரியிறான். கீழ ஆளு இருக்கு."

நாங்கள் நெருங்கியபோது மூன்றாவது ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்தார். வலைக்கு அடியில் ஒரு நீல டிரம். அதில் கடலடி மணலில் வாழும் கடல் அட்டைகள்.

"வலையில ஏறுனது சார்" என்றார் அவர்களில் மூத்தவர். அப்படி ஏறுவது உண்டு, பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. அண்ணன் பதில் பேசாமல் குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியத் தட்டை எடுத்து என்னிடம் காட்டினார். முக்குளிப்பவர்கள் காலில் கட்டிக்கொண்டு நீந்துவது. ஈரம் காயவில்லை. மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தட்டு அண்ணனுக்குப் புதிதல்ல. 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அட்டையைச் சேர்க்கும் வரை, அவரும் அப்பாவோடு அட்டை குளித்தவர்தான். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும். பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. நேற்று வரை தொழில், இன்று குற்றம் என்றால் ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. காய்ந்த அட்டையை நம் ஊரில் யாரும் சாப்பிடுவதும் இல்லை. உரிமம் வாங்கினால் பிடிக்கலாம் என்கிற இலங்கைக்குக் கள்ளத்தனமாகப் போய், அங்கிருந்து கிழக்காசியச் சந்தைக்குப் போகிறது. லாபம் பார்ப்பவர் ஒருநாளும் வள்ளத்தில் ஏறுவதில்லை. எங்கள் கையில் அகப்படுவது மூச்சடக்கி முக்குளிப்பவர்தான். இது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

ஆனால் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடவும் மனம் வராது. மேலே சாம்பல், அடியில் வெள்ளை, முன்கை நீளம். தொட்டதும் மெத்தென்று இருப்பது சில நொடிகளில் தோல் செருப்புபோல விறைத்துவிடும். மணலை விழுங்கி, அதில் உள்ள கழிவைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளுவதுதான் இதன் வாழ்க்கை. கடற்புல் செழிக்க அந்த மணல் வேண்டும். கடற்பசு மேய அந்தப் புல் வேண்டும்.

எண்ணியதில் மொத்தம் 46. கரைக்குத் திரும்பியதும் நடந்ததெல்லாம் நேரத்தோடு ஓட்டம். மகஜர் என்னும் பறிமுதல் பட்டியல், கையெழுத்து, அதிகாரிக்குத் தகவல், நீதிமன்றம். உயிருள்ளதைக் கடலில் விட நீதிமன்ற அனுமதி வேண்டும். வெயில் ஏற ஏற, அடைபட்ட அட்டை குடலை வெளியே தள்ளிவிடும். தண்ணீரும் கெட்டுப்போகும். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. டிரம்மை நிழலுக்கு இழுத்து, கடலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றிக்கொண்டே இருந்தார். காவலில் இருந்த மூத்தவர் திண்ணையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், "தண்ணிய மேலேருந்து ஊத்தாத, ஓரமா விடு" என்றார். அண்ணன் அப்படியே செய்தார்.

அனுமதி வந்தபோது நான்கு மணி. 5 அட்டைகள் செத்திருந்தன, அவை வழக்குக்கு. மீதி 41-ஐயும் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆழம் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோனோம். நான் ஒன்றை எடுத்து வீசப்போனேன். "போடாதீங்க சார், வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர். ஒவ்வொன்றாக வாங்கி, முங்கி, கடற்புல்லுக்கு நடுவே மணலில் வைத்துவிட்டு வந்தார். கடைசியாக வைத்ததைப் படகிலிருந்தே பார்த்தேன். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு மெல்ல ஒரு பக்கம் மணல் கலங்கியது. பாதி உடம்பு உள்ளே போகும் வரை யாரும் இன்ஜினை எடுக்கச் சொல்லவில்லை.