சர்க்கரை ரிஸ்க்கை ஆன்லைனில் பார்க்கப் போகிறீர்களா? நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். 'சர்க்கரை வருமா? இலவசமாகத் தெரிந்துகொள்ளுங்கள்' என்ற ஒரு தளத்தில் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் போட்டேன். கடைசிப் பக்கத்தில் ரிசல்ட் இல்லை. மொபைல் நம்பரும் ஓடிபியும் கேட்டது. கொடுத்த கொஞ்ச நேரத்தில் போன். "சார், உங்களுக்கு ரிஸ்க் ஹைனு வந்திருக்கு. ஃபுல் பாடி செக்கப் ஆஃபர் இன்னிக்கோட முடியுது." ஸ்கோர் எவ்வளவு, எதனால் ஹை என்று கேட்டால் பதில் இல்லை; பேக்கேஜ் விலையையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அம்மா சர்க்கரையோடு படும் பாட்டைக் கூடவே இருந்து பார்க்கிறவன் நான். பயத்தோடு வருகிறவர்களிடம் இப்படி வியாபாரம் பண்ணலாமா?

அப்புறம் இதயநோய் ரிஸ்க்கைச் சொல்லும் கால்குலேட்டர்களையும் பார்த்தேன். அமெரிக்காவில் 2013இல் வந்த கணக்கில் இனம் என்ற இடத்தில் வெள்ளையர், கறுப்பர், மற்றவர், அவ்வளவுதான். தெற்காசியர்களுக்கு அது ரிஸ்க்கைக் குறைத்துக் காட்டலாம் என்று வகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனின் கால்குலேட்டரான க்யூரிஸ்க்3இல் 'இந்தியர்' உண்டு. ஆனால் அது கேட்கும் கொலஸ்ட்ரால்–எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) விகிதம் என் ரிப்போர்ட்டில் இல்லை. ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் அந்த டெஸ்டுக்காக லேபுக்குப் போனால், "லிப்பிட் ப்ரொஃபைல் தனி சார், காலைல வெறும் வயித்துல வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

உருப்படியாக அமைந்தது, சென்னையில் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உருவாக்கிய இந்திய நீரிழிவு ரிஸ்க் ஸ்கோர். ரத்தமும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று நான்கே கேள்வி. இடுப்புக்கு பேண்ட் சைஸைப் போடாதீர்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். என் பேண்ட் 34 இன்ச். டேப் காட்டியது 94 சென்டிமீட்டர்.

வயது 42க்கு 20, இடுப்புக்கு 10, உடற்பயிற்சியோ உடலுழைப்போ இல்லாததற்கு 30, அம்மாவுக்காக 10. மொத்தம் 70. 60ஐத் தொட்டாலே அதிக ரிஸ்க். வயதையும் அம்மா வழியையும் மாற்ற முடியாது. ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால் 10 இறங்கும், இடுப்பு 90க்குக் கீழே வந்தால் இன்னொரு 10. அப்போது 50, நடுத்தரம்.

ஸ்கோர் அதிகம் என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, டெஸ்ட் எடுத்தாக வேண்டும். லிப்பிட் எடுக்கப் போனபோது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டுக்கும் சேர்த்து ரத்தம் கொடுத்தேன்: 5.9 சதவீதம். இன்னும் சர்க்கரை இல்லை, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய கட்டம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை, நடக்கச் சொன்னார். நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

தங்கைக்கும் அளந்து பார்த்தோம். பெண்களுக்குக் கணக்கு வேறு: 80 சென்டிமீட்டரிலேயே 10 ஏறிவிடும், 90ஐத் தொட்டால் 20.