எனக்கு எண்ணெய் முகம் என்று நம்பியிருந்தேன்

சென்ற ஆண்டு கோடையில் நான் ஒரு நாளைக்கு ஆறு முறை முகம் கழுவினேன். வடசென்னையின் காலடிப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டு, சாத்தாங்காட்டைத் தாண்டி, மணலி எம்.எஃப்.எல். சந்திப்புக்கு அப்பாலுள்ள கன்டெய்னர் யார்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள், டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதியும் டீசல் புகையும் வியர்வையோடு சேர்ந்து முகத்தில் ஒரு பூச்சாகவே படிந்துவிடும். வெள்ளைக் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினால் அது கரித்துணி போலாகிவிடும், மூக்கு மினுமினுக்கும். கண்ணாடியில் இதைப் பார்த்த நான், என்னுடையது எண்ணெய் வழியும் முகம் என்று முடிவு கட்டி, அந்த எண்ணெயை எடுத்துத் தொலைப்பதே வேலை என்று இறங்கினேன்.

முதலில் குளியல் சோப்பு. பிறகு மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்த, எண்ணெயைக் கட்டுப்படுத்தும் என்று அட்டையில் போட்டிருந்த கறுப்பு நிற ஃபேஸ் வாஷ். அதிலும் திருப்தி வராமல், கொட்டைத்தூள் கலந்த ஸ்கிரப் ஒன்று. கழுவி முடித்ததும் தோல் விறைத்து, தட்டைத் தேய்த்ததுபோல் கீச்சிட்டால்தான் சுத்தம் என்று எனக்கு ஒரு நினைப்பு. இரண்டே மாதத்தில், சிரித்தால் வாயோரம் இழுத்தது. சன்ஸ்கிரீன் பட்டால் கன்னம் காந்தியது. பவுடர் போட்டால் செதில் செதிலாக நின்றது. நெற்றிப் பருக்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசை நகர்ந்து, என் முறை வந்தபோது, அங்கிருந்த மருத்துவர் என் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா முகம் கழுவுறீங்க?" என்று கேட்டார். ஆறு என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "முகமா, பாத்திரமாம்மா அது?" என்றார்.

எண்ணெய்ச் சுரப்பிகளின் வேகத்தைப் பெரும்பாலும் ஹார்மோன்களே முடிவு செய்கின்றன என்றும், மேலே வந்துவிட்ட எண்ணெயைக் கழுவி எடுக்கலாமே தவிர, கழுவிக் கழுவிச் சுரப்பை நிறுத்த முடியாது என்றும் அவர் விளக்கினார். செங்கல்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல், தோலின் மேலடுக்குச் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால் முதலிய கொழுப்புகள் இருக்கின்றன. கடுமையான சோப்பு அழுக்கோடு இந்தச் சாந்தையும் சுரண்டிக்கொண்டு போவதால், உள்ளிருக்கும் நீர் வெளியேறித் தோல் வறள்கிறது. எண்ணெய் சுரக்கும் அதே முகம் வறண்டும் இருக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் சோப்புச் சேராத ஒரு சாதாரண லோஷனால் மட்டும் காலையும் இரவும் கழுவும்படியும், கழுவியதும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவும்படியும், தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். எந்த வகைத் தோல் என்ற கேள்வியே அதற்குப் பிறகுதானாம். காயம்பட்டிருக்கும் தோலை வைத்து வகை பார்க்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் காந்தல் போய்விட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அந்த லோஷனால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி, எதையும் தடவாமல், வெயிலில் போகாமல் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அடுப்படிப் பக்கம்கூடப் போகவில்லை. அம்மா அதற்கும் ஒன்று சொன்னார், அதை இங்கே எழுத வேண்டாம். பிறகு டிஷ்யூ தாளை நான்கு துண்டாக்கி, நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றில் ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நெற்றியிலும் மூக்கிலும் வைத்த தாள்கள், பஜ்ஜி மடித்த காகிதம்போல் ஊடுருவித் தெரிந்தன. தாடையில் வைத்ததில் இரண்டு பொட்டுகள். கன்னத்தில் வைத்தது வைத்தபடியே வெளுப்பாக இருந்தது. கலவைத் தோல் என்று சொல்வது இதைத்தான். எண்ணெய் முகம் என்று நான் தேய்த்துத் தள்ளிய முகத்தில் பாதிக்கு மேல் எண்ணெயே இல்லை. மாலையில் கைக்குட்டையில் ஒட்டியதில் பெரும்பகுதி மணலிச் சாலையின் புழுதி.

அடுத்தது தண்ணீர். எங்கள் வீட்டில் குளியலறைக் குழாயில் போர் தண்ணீர். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சமையலுக்கு வைப்போம். இரண்டு காலி பாட்டில்களில் இரண்டையும் பாதியளவு ஊற்றி, ஒரே குளியல் சோப்பின் சீவல்களைப் போட்டுக் குலுக்கினேன். மெட்ரோ தண்ணீரில் கழுத்துவரை நுரை வந்து நின்றது. போர் தண்ணீர் பால் திரிந்ததுபோல் கலங்கி, வெள்ளைத் திப்பிகளாக ஓரத்தில் ஒட்டியது. எங்கள் போர் தண்ணீர் போன்ற கடினநீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடுகின்றன. வாளியின் உட்புறம் சாம்பல் வளையம் கட்டுவதும், கழுவிய பின் தோலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான். அதை எண்ணெய்ப் பிசுக்கு என்று எண்ணி, மறுபடியும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! மருத்துவர் சொன்ன லோஷனைப் போர் தண்ணீரில் போட்டுக் குலுக்கியபோது திப்பி எதுவும் வரவில்லை. சோப்பல்லாத சலவைப்பொருள்கள் கடினநீரோடு இப்படிச் சண்டை போடுவதில்லை.

இதற்குப் பிறகுதான் அட்டைகளைப் படிக்கத் தொடங்கினேன். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச்., அதாவது அமில-கார அளவு, ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான குளியல் சோப்பு காரத்தன்மையோடு 9 முதல் 10 வரை போகும். பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், இடைவெளி பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது. சேர்மானப் பட்டியலில் அளவில் மிகுந்தது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்தே சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற கடுமையான நுரைப்பொருள் இருந்தால் என் கன்னம் தாங்காது. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், கோகாமிடோபுரோபில் பீட்டைன் போன்ற மென்மையானவையும் கிளிசரினும் முன்வரிசையில் இருந்தால் வாங்கிப் பார்க்கலாம் என்பது நானாக வகுத்துக்கொண்ட கணக்கு. முகப்பில் எலுமிச்சையும் வேப்பிலையும் படமாக இருப்பதை இப்போது நான் பார்ப்பதே இல்லை.

இப்படிப் பார்த்து முதலில் வாங்கிய ஃபேஸ் வாஷ் சரிவரவில்லை. நுரை அழகாகத்தான் வந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் கன்னம் இழுத்தது. அதைக் கை கழுவ வைத்துவிட்டோம். இரண்டாவதை வாங்கும்போது சின்ன பாட்டிலாக எடுத்து, மூன்று நாள் தாடையோரத்தில் மட்டும் போட்டுப் பார்த்த பிறகே முகம் முழுவதற்கும் கொண்டுபோனேன். நுரை குறைவு, வாசனை இல்லை. கழுவி ஒரு மணி நேரம் கழித்து முகம் இருக்கிற நினைவே வரவில்லை என்பதால் அதையே வைத்துக்கொண்டேன். நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும், ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவில், 2 சதவீத சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஃபேஸ் வாஷைப் பயன்படுத்துகிறேன். அது எண்ணெயில் கரையக்கூடியது என்பதால் துளைகளுக்குள் அடைத்திருப்பதை இளக்குகிறது. கன்னத்துக்கு அது போகாது.

பயத்தமாவு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்காமலில்லை. உடம்புக்கு நானும் அதைத்தான் தேய்க்கிறேன். முகத்துக்கு எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு முழுவதும் போவதில்லை. தவிர, ஒரு முறை மாவு மில்லில் யாரோ மிளகாய் அரைத்த கையோடு நம்முடையதைப் போட்டுவிட்டார்கள். அன்று நான் பட்ட பாட்டை அம்மாவே நேரில் பார்த்தார்.

இப்போது காலையில் வெறும் தண்ணீர். மாலையில் வீடு திரும்பியதும் முதலில் கையைக் கழுவி, முகத்தில் தண்ணீர் அடித்துப் புழுதியை இறக்கிவிட்டு, பட்டாணி அளவு ஃபேஸ் வாஷ் எடுத்து விரல் நுனியால் அரை நிமிடம் தடவி, மூக்கு மடிப்பும் முடியோரமும் விடுபடாமல் அலசுகிறேன். கடைசி இரண்டு கைத் தண்ணீர் மட்டும் குடத்திலிருந்து. ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். பகலில் வியர்த்தால் ஈரக் கைக்குட்டையால் ஒற்றுவதோடு சரி. நெற்றிப் பருக்கள் அடங்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. அதில் ஃபேஸ் வாஷைவிடத் தேங்காயெண்ணெயைக் குறைத்ததற்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

சென்ற வாரம் என் தம்பி, "அக்கா, உன் பாட்டிலை எடுத்துக்கவா?" என்று கேட்டான். முதலில் முகம் கழுவிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னேன். ஐந்து முறை எழுந்து போகப் பார்த்தான். கடைசியில் நான்கு தாள்களையும் ஒற்றி எடுத்து ஜன்னலில் ஒட்டினால், நான்கும் பஜ்ஜிக் காகிதம். என் பாட்டில் என்னிடமே இருக்கிறது.