குளிர்காலமும் கணக்கில் சேர்த்திதான்

தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் இறுகிவிட்டது என்றால் எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்துவிட்டது. 24 பாகைக்குக் கீழே போனால் அது கட்டியாகத் தொடங்கிவிடும். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் ஹீற்றரை 21இல் வைத்திருக்கிறோம். அம்மா எழும்பியதும் முதல் வேலையாகப் போத்தலைக் கொண்டுபோய், குசினித் தரையில் சூடான காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் வைப்பார். தேத்தண்ணி குடித்து முடிய எண்ணெய் இளகியிருக்கும். பிறகுதான் மகளுக்குத் தலை இழுப்பு.

அம்மா பருத்தித்துறைக்காரி. மார்கழிப் பனிக்கே காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு திருவெம்பாவைக்குப் போன ஆள். இன்றைக்கு மைனஸ் இருபதில் இந்த வீடு ஓடுகிறது என்றால் அது அவரால்தான். அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குக் கனநாள் ஆசை.

ஏழே முக்காலுக்கு எல்லோரும் வாசலில் நிற்போம். என் கணவர், இவர், அப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்து, காரை அணைக்காமல் சூடாகவே விட்டிருப்பார். பிள்ளைகளை உடுத்துவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தடித்த ஸ்நோ காற்சட்டை, அதற்குப் பிறகு பூட்ஸ், பிறகு ஜக்கெற், கழுத்துக்கு ஒரு குழாய்த் துணி, தொப்பி, கடைசியாகக் கையுறை. பூட்ஸைப் போட்டுவிட்டுக் காற்சட்டையை நினைத்தால் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். கையுறையின் விளிம்பு ஜக்கெற் கைக்கு உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டால் ஸ்நோ உள்ளே இறங்கும். இதையெல்லாம் அம்மா பேரப்பிள்ளைகளிடம் கேட்டுத்தான் பழகினார். இப்போது என்னைவிட வேகம்.

மகன் பாலர் வகுப்பில் கையுறை தொலைப்பதில் கெட்டிக்காரன். அம்மா கம்பளி நூலில் ஒரு நீட்டுக் கயிறு பின்னினார். அதன் இரண்டு முனையிலும் இரண்டு கையுறையைத் தைத்து, கயிற்றை ஜக்கெற்றின் ஒரு கைக்குள் விட்டு, முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து மறு கையால் வெளியே எடுத்தார். கழற்றினாலும் இரண்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் நனைந்துவிடும் என்று பையில் இன்னொரு சோடியும் வைத்துவிடுவார்.

"ராசா, காது தெரியுது, தொப்பியைக் கீழை இழு" என்று கதவடியில் நின்று சொல்வார். அடுத்த நொடி எங்களுக்கு: "கதவைச் சாத்துங்கோ பிள்ளை, வெக்கை எல்லாம் போகுது."

எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை ஒரு வசனத்தோடு வாழ்கிறார்கள்: "இந்த வின்ரர் முடியட்டும்." விருந்துக்குக் கூப்பிட்டாலும் அதே பதில், நடக்கப் போவோமா என்றாலும் அதே பதில். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வருடத்தில் ஐந்து மாதம் இப்படித்தான் இருக்கப்போகிறது. மகளுக்கு எட்டு வயது போவதும் மகனுக்குப் பல் விழுவதும் அம்மாவுக்கு இன்னொரு வயது கூடுவதும் இந்த ஐந்து மாதத்துக்குள்ளும்தான் நடக்கிறது. முடியட்டும் என்று ஒதுக்கிவைக்க இது வேறு யாருடைய காலமும் இல்லை.

சரி, வீட்டுக்குள் வருவோம். ஸ்நோவைவிட எங்களை வருத்துவது காய்ந்த காற்று. வெளியே குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதே காற்றை ஃபேர்னஸ் சூடாக்கி உள்ளே தள்ளும்போது வெக்கை கூடுகிறதே தவிர, ஈரம் ஒரு சொட்டுக் கூடுவதில்லை. மகளுக்கு மூக்கால் இரத்தம் வரும். மகன் கம்பளிப் போர்வையில் உருண்டுவிட்டு வந்து அம்மம்மாவைக் கொஞ்சினால் இரண்டு பேருக்கும் சுரீர் என்று அடிக்கும். அம்மாவின் குதிக்கால் வெடித்துவிடும். ஈரப்பதம் கூட்டும் கருவியை 35 வீதத்தில் வைத்திருப்போம். மைனஸ் பதினைந்து, இருபது என்று போகும் நாட்களில் அதையும் இன்னும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் யன்னல் கண்ணாடியில் நீர் கோத்து, கீழே சட்டத்தில் ஐஸாக உறைந்து, பிறகு மரம் ஊறிப் பழுதாகும். அம்மாவுக்கு இந்த இலக்கம் எதுவும் தேவையில்லை. காலையில் யன்னலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இண்டைக்குக் குறைச்சு வை" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

தோசைக்குக் கரைத்த மா புளிப்பது அடுத்த கவலை. குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியில் இருந்து வருவது. சனவரியில் அதைத் தொட்டால் விரல் கடுக்கும். அதை ஊற்றி உழுந்து அரைத்தால் மா மூன்றாம் நாளும் அப்படியே கிடக்கும். ஆகவே இளஞ்சூட்டுத் தண்ணீர்தான். கரைத்த மாவை அவணுக்குள் வைத்து, அவணைப் போடாமல் உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போட்டுவிட வேண்டும். அந்த ஒரு பல்ப்பின் சூடு விடியும்வரை போதும். அவண் பொத்தானில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளும் ஒட்டுவோம், யாராவது பீற்சா சூடாக்கப் போட்டுவிடாமல். "மா உள்ளே" என்று அதில் மகள் தமிழில் எழுதுவாள். அவள் யாரும் சொல்லாமல் தமிழ் எழுதுகிற இடம் அதுதான், எனக்கு அந்தத் தாளைக் கிழித்து எறிய மனம் வருவதில்லை.

கறிவேப்பிலைக் கண்டு செப்ரெம்பரிலேயே உள்ளே வந்துவிடும். தெற்கு யன்னலோரம் அதன் இடம். தை பிறக்கும்போது பாதி இலை கொட்டிக் குச்சியாக நிற்கும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள், ஆனால் சாகவில்லை, வேர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து விட்டுவிட வேண்டும். அம்மா கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, இருக்கிற ஒவ்வொரு இலையையும் உள்ளங்கையில் ஏந்தி அடிப்பக்கத்தைத் துடைப்பார். செதில் பூச்சி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரம் வானொலியும் ஓடாது, யாரும் கதை கொடுக்கவும் கூடாது.

2025 பெப்ரவரியை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 12ஆம் திகதி இரவு ஸ்நோ ஒரு கொட்டு. அதைத் தள்ளி முடித்து முதுகு நிமிர முன் சனியும் ஞாயிறும் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து அரை மீற்றருக்கு மேல். திங்கட்கிழமை குடும்ப தின விடுமுறை, ஆகவே எல்லோரும் வீட்டில்தான்.

அரை மீற்றர் ஸ்நோவில் தள்ளுவது ஒரு வேலை, எங்கே போடுவது என்பது அதைவிடப் பெரிய வேலை. ரோட்டில் தள்ளக் கூடாது, சட்டம் இடம் தராது. பக்கத்து வீட்டுப் பக்கம் எறிய முடியாது. இருக்கிற முன்வளவில் மேலே மேலே எறிந்து, ஆனையிறவு உப்பளத்தில் குவித்துவைத்த உப்பைப் போல ஆளுயரத்துக்கு இரண்டு குவியல் வந்துவிட்டது. இவரும் நானும் மாறி மாறித் தள்ளி வழி எடுத்த பிறகு, ரோட்டைத் துப்புரவாக்குகிற வண்டி போய், டிரைவ்வே வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பைப் போட்டுவிட்டுப் போனது. அது பஞ்சு ஸ்நோ இல்லை. இறுகி, கட்டி கட்டியாக, உப்பும் சேறும் கலந்து, சவள் இறங்க மறுக்கும். இவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் போனார். இரவு வேலைக்காரருக்கு அந்த நீண்ட விடுமுறையில்தான் படுக்கக் கிடைக்கும். அந்த முறை அதுவும் இல்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எட்டிப் பார்த்தார், பிறகு உறைபெட்டியைத் திறந்தார். நண்டு, மீன் தலை, மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. ஊரில் இருந்து சித்தி அனுப்பிய ஒடியல் மாவும் இருந்தது. "கூழ் காய்ச்சுவம்" என்றார். பெரிய பானையை எடுத்தோம். ஒடியல் மாவை ஊறவைத்துக் கைப்பு நீர் வடிப்பது அவருடைய பொறுப்பு, மற்றவர் கை வைக்கக் கூடாது. செத்தல் மிளகாய் அரைத்த வாசத்தில் மகன் தும்மினான். பழப்புளி விட்டுக் கொதித்ததும் யன்னல் எல்லாம் ஆவி படிந்தது. வெளியே இவரும் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிளாவுக்குப் பனையோலை இல்லை, கிண்ணத்தில்தான் குடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வியட்நாம்காரர், நண்டுக்கால் கிடைத்ததும் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முகம் வேர்க்க வேர்க்க இரண்டாம் கிண்ணமும் வாங்கினார்.

பின்னேரம் அம்மா சோகியை எடுத்தார். தாயம் விளையாட்டில் அவர் பேரப்பிள்ளைகளுக்காகத் தோற்கிற ஆள் இல்லை. மகளின் காயை வெட்டினார், அவள் அழுதாள், அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மகள் அவரை வெட்டினாள். அந்தச் சத்தத்துக்கு இவர் நித்திரையில் இருந்து எழும்பி வந்தார்.

திங்கட்கிழமை காற்று. அன்றைக்குத்தான் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்ளே இருந்த 80 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று செய்தியில் சொன்ன பிறகுதான் அம்மா ரீவிக்கு முன்னால் இருந்து எழும்பி விளக்கு வைத்தார்.

அந்தக் கிழமை முழுக்க ரோட்டில் உப்பு. கடலில் இருந்து உப்பு வருவதைத்தான் அம்மா பார்த்திருக்கிறார். இங்கே ஹூரோன் ஏரிக்கு அடியில், கோடரிச் என்ற ஊரில், நிலத்துக்குள் ஆழமாகச் சுரங்கம் வெட்டி உப்பை எடுக்கிறார்கள் என்று சொன்னபோது நம்பவில்லை, மகள் படம் காட்டினாள். மைனஸ் இருபதுக்குப் போனால் அந்த உப்பும் சரியாக வேலை செய்யாது, மணல்தான் போட வேண்டும். எங்கள் படியில் இரண்டு வாளி நிற்கும், ஒன்று உப்பு, ஒன்று மணல். பூட்ஸில் படிகிற வெள்ளைக் கறையை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தால் போகும்.

படியில் இவ்வளவு கவனம் எதற்கென்றால், வயதானவர்களுக்கு ஒரு சறுக்கு போதும். இடுப்பெலும்பு உடைந்தால் அந்த வருடமே போய்விடும். அந்தப் பயத்தில் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அது இன்னொரு நோய். டிசம்பரில் பின்னேரம் நாலே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்கு விடிந்ததும் தெரியாது, இருண்டதும் தெரியாது. நவம்பரில் மணிக்கூடு மாற்றியதும் ஊருக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். இரவு ஏழரைக்கு அம்மா சித்தியை எழுப்பிக் கதைப்பார், அங்கே விடிய ஆறு. அது நல்லதுதான். ஆனால் காலுக்கு நடையும் வேண்டும், முகத்துக்கு முகமும் வேண்டும்.

அதனால் செவ்வாயும் வெள்ளியும் பிள்ளைகளை இறக்கிவிட்டு அம்மாவை ஸ்காபரோ ரவுண் சென்ரர் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போகிறேன். உள்ளே சூடு, தரை சமம், சறுக்காது. எங்கள் தெருவில் தன் மகனுடைய வீட்டில் இருக்கிற ஒரு அக்காவும் வருகிறார். அம்மாவைவிட மூத்தவர், ஆனாலும் எனக்கு அக்காதான். முதல் நாள் அரைச் சுற்றில் வாங்கில் இருந்துவிட்டார். இப்போது இரண்டு பேரும் கைகோத்து இரண்டு சுற்று முடிக்கிறார்கள், மருமகள்களின் கதை முடிவதற்குத்தான் இரண்டு சுற்றுப் போதவில்லை.

காரில் இன்னும் ஒரு இடம் இருந்தது. இந்த வெள்ளி முதல் பின்தெரு மாஸ்ரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனைவி போன பிறகு அவர் குளிர்காலத்தில் வெளியே வருவதேயில்லை. அவருக்குச் சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள்ளுப் பட்டி இல்லையாம். நாளைக்கு வாங்க வேண்டும், சப்பாத்தின் அளவு ஒன்பது.