கறுப்புக்கோட்டு சேரும் ஜோனி கொக்ரனும்

பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி கேட்டது எங்கள் காலத்துக் கல்லூரி விவாத அணியைப் பற்றி இரண்டு பக்கம். சரி என்று ஒப்புக்கொண்டு எழுத உட்கார்ந்தால், கல்லூரி மண்டபத்துக்கு முதல் ஸ்காபரோவில் நான் இருந்த பேஸ்மென்ட்தான் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1995ஆம் ஆண்டு. பெட்டி கட்டும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் நண்பகல் பன்னிரண்டுக்கு எழும்புவேன். ரொறன்ரோவில் பன்னிரண்டு என்றால் லொஸ் ஏஞ்சல்ஸில் காலை ஒன்பது, நீதிபதி லான்ஸ் இட்டோ ஆசனத்தில் வந்து அமரும் நேரம். பிளேன்ரீயும் பாணுமாக நான் ரீவி முன்னால் அமர்ந்துவிடுவேன். ஓ. ஜே. சிம்சன் வழக்கு. முன்னாள் மனைவியையும் ரொனால்ட் கோல்ட்மன் என்ற இளைஞரையும் கொன்றதாக அமெரிக்கக் காற்பந்து நட்சத்திரம் ஒருவர் மேல் குற்றம். ஜனவரி 24 தொடங்கி ஒக்டோபர் 3 வரை, வேறு வேலையில்லாதவன் மாதிரிப் பார்த்தேன். என் ஆங்கிலத்தில் பாதி அங்கே படித்ததுதான். அறையில் ஆறு பேர். சோற்றுப்பானை கழுவும் முறை யாருடையது என்று கேட்டால் "ஒப்ஜெக்ஷன்!" என்று ஒருவன் கத்துவான். "ஓவர்ரூல்ட்" என்று மற்றவன் பானையை நீட்டுவான்.

மேல்மாடியில் இருந்த வீட்டுக்கார ஐயாவும் இறங்கி வருவார். இளம் வயதில் கொழும்புக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். முதல் வாரமே சொல்லிவிட்டார்: "தம்பி, இது சதாசிவத்தின்ரை வழக்குத்தான். ஊர்தான் வேறை."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காரணம், அந்த வழக்கைக் கறுப்புக்கோட்டு சேரிடம் நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

எண்பதுகளில் நம் கல்லூரியில் இருந்தவர்களுக்கு சேரின் பெயரை எழுதத் தேவையில்லை. சட்டக் கல்லூரிக்குப் போய் இறுதிப் பரீட்சைக்கு இருக்காமல் ஊருக்குத் திரும்பியவர். அப்புக்காத்தாக வரவேண்டியவர் எங்களுக்கு வரலாறு படிப்பித்தார். ஆசிரியர் அறைக் கதவின் பின்னால் அவருடைய கறுப்புக் கோட்டு தொங்கும். முழங்கைப் பக்கம் வெளுத்து மண்ணிறமாகி, பூச்சி உருண்டை மணக்கும். வழக்காடு மன்றம் நடக்கும் நாளில் மட்டும் அதைப் போடுவார்.

சேர் சதாசிவம் வழக்கைக் கதையாகச் சொல்லமாட்டார், கணக்காகச் செய்து காட்டுவார். மகாதேவன் சதாசிவம் இலங்கை அணியின் தலைவராக இருந்தவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் அடித்தவர். 1951 ஒக்டோபரில் அவருடைய மனைவி வீட்டில் கொலையுண்டு கிடந்தார். எதிரிக் கூண்டில் சதாசிவம். வீட்டு வேலைக்காரப் பையன் அரச தரப்புச் சாட்சி. எதிரிக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. வழக்கு 57 நாள் நடந்தது. "கொலை படுக்கையறையிலை நடந்தது எண்டு சாட்சி சொல்லுறான். அப்ப உள்ளங்காலிலை குசினி அழுக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இறப்பு நேரத்தைக் கரும்பலகையில் கோடு கீறி, சதாசிவம் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரத்தை அதன் மேல் குறிப்பார். 1953இல் ஜூரிமார் விடுதலை செய்தார்கள்.

என்னுடைய முதல் வழக்காடு மன்றத்தில் கைகேயிக்காக வாதாடும்படி விட்டார். நான் மூன்று இரவு கண்விழித்து, கைகேயி எவ்வளவு நல்லவள் என்று கம்பனிலிருந்து பாட்டுப் பாட்டாகப் பொறுக்கி வைத்திருந்தேன். ஒத்திகையில் பாதியில் நிறுத்தினார். "டேய், அவள் நல்லவள் எண்டு நிறுவ உன்னை ஆர் கேட்டது? அவள் கெட்டவள் எண்டு நிறுவவேண்டியது அவையள். நிறுவினவையோ எண்டு மட்டும் கேள்." கடதாசிகளில் பாதியை வாங்கிக் கிழித்தார். அந்தக் கோபம் எனக்கு ஆறக் கனகாலம் எடுத்தது.

அப்புறம் 1995 ஜூன் 15. கொலைக்குத் தடயமாகக் காட்டிய கையுறையைச் சிம்சனையே போட்டுப் பார்க்கச் சொன்னது அரச தரப்பு. சட்டத்தரணி கிறிஸ்டோபர் டார்டன் கேட்க, சிம்சன் மெல்லிய இரப்பர் கையுறைக்கு மேல் அந்தத் தோல் கையுறையை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஏறவில்லை. விடை தெரியாத கேள்வியைக் கூண்டில் கேட்காதே என்று சேர் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது என் காதில் கேட்டது. செப்டெம்பர் கடைசியில், தொகுப்புரையில் சிம்சனின் சட்டத்தரணி ஜோனி கொக்ரன் அதை எதுகை மோனையோடு ஒரே வரியாக்கினார். அந்த வரியை அமைத்துக் கொடுத்தவர் அணியில் இருந்த பேராசிரியர் ஜெரல்ட் உல்மன் என்று பிறகு தெரிந்தது. எங்கள் அறையில் அன்றிரவே மொழிபெயர்ப்பு தயார்: "கையுறை சேரல்லையோ, கைதியை விடுங்கோ."

தீர்ப்பு ஒக்டோபர் 2ஆம் திகதி, நான்கு மணித்தியாலத்துக்குள் முடிவாகிவிட்டது. அன்று கொக்ரனின் 58ஆவது பிறந்தநாள். அடுத்த நாள் எங்கள் நேரம் பகல் ஒரு மணிக்கு வாசித்தார்கள். விடுதலை. வீட்டுக்கார ஐயா கைதட்டினார். எனக்குக் கைதட்ட வரவில்லை. ரொனால்ட் கோல்ட்மனின் தகப்பன் பக்கத்திலிருந்த மகளைக் கட்டிப்பிடித்து அழுததை அந்தக் கமெரா காட்டிவிட்டது. 1997இல் குடியியல் வழக்கில் வேறு ஜூரி சிம்சனைப் பொறுப்பாளி என்றது. சேர் சொன்ன வித்தியாசம் அதுதான்: குற்றவியலில் நியாயமான சந்தேகமே வரக்கூடாது, குடியியலில் தராசு கொஞ்சம் சாய்ந்தாலே போதும்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லவேண்டும். அந்த ஒன்பது மாதமும் மாலை ஆனால் ஒவ்வொரு அலைவரிசையிலும் சட்டத்தரணிகள் வந்து இருந்து, இன்று யார் வென்றார் என்று ஸ்கோர் சொல்வார்கள், கிரிக்கெட் வர்ணனை மாதிரி. கொக்ரனும் 1997இல் கோர்ட் ரீவியில் தன் பெயரில் நிகழ்ச்சி நடத்தப் போனார். சில நாள் பார்த்தேன். நல்ல சிரிப்பு, நல்ல உடுப்பு. ஆனால் எதிரே நிற்கும் சாட்சி இல்லாத கொக்ரன், பந்து வீச ஆளில்லாத துடுப்பாட்டக்காரர்தான்.

மனிதரைப் பற்றி நூலகத்தில் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகு. லூசியானாவில் 1937இல் பிறந்தவர், தகப்பன் காப்புறுதி முகவர். லொஸ் ஏஞ்சல்ஸில் படித்து 1963இல் சட்டத்தரணியானார். தொடக்கம் அரச பக்கம்: நகரத்துக்காக வழக்குத் தொடுத்தவர். 1966இல் லெனார்ட் டெட்வைலர் என்ற கறுப்பின இளைஞர், பிள்ளைவலி கண்ட மனைவியைக் காரில் ஏற்றி, ஏரியலில் வெள்ளைத் துணி கட்டி, ஆஸ்பத்திரிக்கு வேகமாக ஓடினார். மறித்த பொலிஸ்காரரின் துப்பாக்கி வெடித்து இறந்தார். மரண விசாரணையைத் தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. குடும்பத்தின் சட்டத்தரணி அங்கே நேரே கேள்வி கேட்க முடியாது. 28 வயதுக் கொக்ரன் கேள்வியை அரச சட்டத்தரணியின் காதில் சொல்ல, அவர் ஒவ்வொரு முறையும் "மிஸ்டர் கொக்ரன் அறிய விரும்புகிறார்..." என்று தொடங்கிக் கேட்டார். தன் வாயால் ஒரு கேள்வியும் கேட்காமலேயே நகரம் முழுக்கப் பெயர் பரவியது. பொலிஸ்காரர் மேல் வழக்கு வரவில்லை, நட்டஈட்டு வழக்கிலும் கொக்ரன் தோற்றார்.

தோற்ற வழக்குகளில்தான் என் கண் நின்றது. 1972இல் ஜெரோனிமோ பிராட் வழக்கு. வியட்நாம் போருக்குப் போய்வந்த, கறுஞ்சிறுத்தைகள் (Black Panthers) என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்பின் ஆள். 1968இல் சாந்தா மோனிக்கா டெனிஸ் மைதானத்தில் ஓர் ஆசிரியையைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம். தான் அந்நேரம் 500 கிலோமீற்றருக்கு அப்பால் ஓக்லண்டில் இருந்ததாகப் பிராட் சொன்னார். ஜூரிமார் நம்பவில்லை, ஆயுள் தண்டனை. கொக்ரன் அந்தக் கோப்பை மூடவில்லை. இடையில் மாவட்ட வழக்குத்தொடுநர் அலுவலகத்தில் மூன்றாவது பெரிய பதவி வந்தது. அந்த நாட்களிலேதான் தன் ரோல்ஸ் ரொய்ஸில் பிள்ளைகளோடு போனவரைப் பொலிஸ் துப்பாக்கி நீட்டி நிறுத்தி, பையில் அவருடைய பதவி வில்லையைக் கண்டு திகைத்தது. அப்புறம் மைக்கல் ஜாக்சன், சிம்சன், புகழ், பணம் எல்லாம் வந்தன. 1997 மே மாதம் ஒறேஞ்ச் கவுண்டி நீதிபதி எவரெட் டிக்கி தண்டனையைத் தள்ளுபடி செய்தார். முக்கிய சாட்சி ஜூலியஸ் பட்லர் பொலிஸாருக்கும் எஃப்.பி.ஐ.க்கும் தகவல் கொடுத்தவர் என்பதை அரச தரப்பு மறைத்திருந்தது. தீர்ப்புக்கு முன்பே பிடிபட்டு, 27 ஆண்டு உள்ளே இருந்த பிராட் ஜூன் 10 வெளியே வந்தார். தன் தொழிலில் மிகவும் மகிழ்ந்த நாள் அதுதான் என்று கொக்ரன் சொன்னார். சிம்சன் விடுதலையான நாளை அவர் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

கொக்ரன் 2005 மார்ச் 29இல் மூளைக் கட்டியால் இறந்தார். அவர் படித்த நடுநிலைப் பள்ளிக்கு இப்போது அவருடைய பெயர். நம் சங்கத்தார் கவனிக்க.

பிராட் வெளியே வந்த வாரம் பத்திரிகைத் துண்டுகளை வெட்டி, எட்டுப் பக்கக் கடிதத்தோடு சேருக்கு அனுப்பினேன். அப்போது யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போய்ச் சேர்வது கடவுள் புண்ணியம். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது, நீல ஏரோகிராமில். நலம் விசாரிப்பு இரண்டு வரி. என் கடிதத்தில் இருந்த ஒற்றுப்பிழைகளின் பட்டியல் ஆறு வரி. கடைசியில் சிவப்பு மையால்:

"72இல் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தபோது, 'நீ பொலிஸின் ஆளோ' என்று கொக்ரன் கேட்டாரா? கேட்கவில்லையென்றால் அந்த 27 வருடத்தில் அவருக்கும் பங்குண்டு. பார்த்து எழுதவும்."

இரண்டு சனிக்கிழமை நூலகத்தில் இருந்து தேடினேன். பிறகு ஒரு தபாலட்டை வாங்கி எழுதினேன்: "கேட்டவர், சேர். அவன் சத்தியம் செய்துவிட்டு, இல்லை எண்டு சொன்னவன்."