அறுபது பூட்டு, ஒரு திறப்பு

நேற்று இரவு வெள்ளவத்தையில் கரண்ட் போய்விட்டது. நுளம்புத்திரியைக் கொளுத்திவிட்டு இருக்க, அம்மம்மா வன்னியில் தனக்கு வந்த மலேரியாவைப் பற்றிச் சொன்னார். "விட்டிட்டுப் போகும் பிள்ளை, பிறகும் வரும்."

மலேரியா ஒட்டுண்ணிகளில் வைவாக்ஸ் என்ற வகை ஈரலில் ஒளிந்திருந்து திரும்பி வரும், அது வேறு கதை. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை செய்யும் வேலைதான் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதனிடம் 'வார்' மரபணுக்கள் சுமார் 60 உண்டு. அவை ஆக்கும் புரதம், ஒட்டுண்ணி புகுந்த செங்குழியத்தின் மேற்பரப்பில் நின்று இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மண்ணீரலில் அகப்படாமல் தப்பும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். மற்றவற்றை எச்பி1 என்ற புரதம் ஒட்டுண்ணிக் கலத்தின் கருவின் ஓரத்தில் இறுக்கிப் பூட்டி வைத்திருக்கும். அந்த ஒன்றுக்கு எங்கள் உடல் பிறபொருளெதிரி செய்து முடிக்க, வேறொன்றைத் திறந்த ஒட்டுண்ணிகள் பெருகிவிடும். டிஎன்ஏயில் ஒரு எழுத்துக்கூட மாறத் தேவையில்லை!

ஏபி2-ஜி மரபணுவுக்கும் அதே பூட்டுத்தான். சில ஒட்டுண்ணிகளில் அது திறந்தால் அவை ஆண், பெண் வடிவங்களாகி நுளம்புக்குக் காத்திருக்கும். அது திறக்காவிட்டால் நோய் அடுத்த ஆளுக்குப் போகவே முடியாது. மருந்து தேடுவோர் இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. ஆனால் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. ஆபிரிக்கா, இந்தியா போய்வந்து காய்ச்சல் வந்தால், போன இடத்தை டொக்டரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.