மணிக்கயிறு

முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்ற நர்ஸ் நான். ஒரு சின்னத் துறவற இல்லத்தில் இரண்டரை வருடம் பகல் ஷிஃப்ட் பார்த்தேன். மொத்தம் 11 பேர், அதில் 8 பேர் எழுபதைத் தாண்டியவர்கள்.

டயாப்பர் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் எனக்குப் பழகின வேலை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் அப்பாவுக்கு வயதானால் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் இளைஞர்களாக வந்து சேர்ந்தவர்கள், அதனால் மூப்பும் சேர்ந்தே வந்துவிட்டது. 72 வயதுக்காரர் 85 வயதுக்காரரைத் தூக்கி உட்கார வைப்பார், அப்புறம் தூக்கினவருடைய முதுகுக்கு நான் தைலம் தேய்ப்பேன். அமெரிக்காவில் திருமணமும் பிள்ளைகளும் இல்லாமல் வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில், 2017-இல் ஒரு மூத்த சகோதரி இறந்தபோது மிஞ்சியது இரண்டே பேர்.

பணமும் அப்படித்தான். எல்லாம் பொதுப்பணம், தனக்கென்று யாரும் ஒரு காசு சேர்த்து வைத்ததில்லை. அமெரிக்காவில்கூட வறுமை வார்த்தைப்பாடு (சொத்து வைத்துக்கொள்வதில்லை என்ற சத்தியம்) எடுத்த துறவிகளை அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க 1972-இல்தான் சட்டம் வழிவிட்டது. வயதான காலத்துக்கான ஏற்பாட்டை ஐம்பது வயதிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று இவர்களே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குகளின் 36-ஆம் அதிகாரம், நோயாளிகளைக் கிறிஸ்துவையே கவனிப்பதுபோல் கவனிக்கச் சொல்கிறது. நோயாளிகளும் அளவுக்கு மீறிக் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நான் பார்த்தவர்களோ எதையுமே கேட்க மாட்டார்கள். ஒருநாள் காலையில் போனபோது ஒரு பிரதர் நனைந்த துணியோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார், ராத்திரி முழுக்க யாரையும் கூப்பிடவில்லை. "அவங்களும் தூங்கணுமேம்மா" என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குச் செய்தே பழகியவர்களுக்கு, தனக்கு ஒருவர் செய்வதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு பாரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

செபத்துக்கு மணி அடிப்பது அந்த பிரதருடைய வேலை, நாற்பது வருடமாக. மறதி வந்த பிறகு நடுராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து போய் அடித்துவிடுவார், எல்லாரும் பதறி எழுவார்கள். அந்த வேலையை வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நானும் சரி என்றுதான் சொன்னேன், அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில். நான் சொன்னது தப்பு. அங்கே இருந்தவர்களிலேயே வயது குறைந்த சகோதரர் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவரோட செபம், அதை எப்படி வாங்குறது?" என்று கேட்டார். கடைசியில், ராத்திரியில் கயிறைச் சுருட்டி எட்டாத கொக்கியில் மாட்டுவது, காலையில் இறக்கிவிட்டு யாராவது பக்கத்தில் நிற்பது என்று முடிவானது.

பல நாள் நான்தான் நின்றேன். வாக்கரை ஓரமாக வைத்துவிட்டுக் கயிறைப் பிடிப்பார். கை நடுங்கும், நரம்பு புடைத்துத் தெரியும். அவர் கைக்கு மேல் என் கையை வைத்துச் சேர்ந்து இழுப்பேன். மூன்று முறை அடித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் கேட்டிருக்குமா சிஸ்டர்?" என்பார். கேட்டது பிரதர் என்பேன். வராந்தாவில் மற்ற வாக்கர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கும்.